யார் முகத்தை வைத்து அளவெடுத்தார்கள்?

கலர் ஃபிலிம் உலகத்தை உள்ளது உள்ளபடி காட்டுவதில்லை. பிளாஸ்டிக் பட்டையின் மேல் பூசிய மெல்லிய அடுக்குகளில் ஒன்று நீல ஒளியை வாங்கிக்கொள்ளும், இன்னொன்று பச்சையை, மற்றொன்று சிவப்பை. எந்த அடுக்கு எவ்வளவு ஒளிக்கு மசிய வேண்டும், கழுவும்போது எந்தச் சாயம் எவ்வளவு திரள வேண்டும் என்பதையெல்லாம் ஃபிலிம் கம்பெனியின் ஆய்வகத்தில் உட்கார்ந்து மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். வானம் கொஞ்சம் கூடுதல் நீலமாக வந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. புல்லின் பச்சை சற்றுப் பிசகினாலும் பாதகமில்லை. முகத்தின் நிறம் பிசகினால் மட்டும் வாடிக்கையாளர் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் போடுவார். அதனால் கலர் ஃபிலிமில் எது சரி, எது தப்பு என்பது மனிதத் தோலை வைத்தே தீர்மானமானது. எவருடைய தோல் என்ற கேள்வி எழ ரொம்ப காலம் பிடித்தது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரை இருப்பிடமாகக் கொண்ட கோடக் நிறுவனம், 1950களின் தொடக்கம் வரை கலர் ஃபிலிமின் விலையிலேயே கழுவி பிரின்ட் போடும் கூலியையும் சேர்த்து வாங்கியது. படம் எடுத்து முடித்தவர்கள் சுருளைக் கோடக்குக்கே அனுப்பிவிடுவார்கள். இது ஏகபோகம் என்று அரசு வழக்குத் தொடர, 1954-ல் கோடக் சமரசத்துக்கு இறங்கி வந்தது. அதன் பிறகு தனியார் லேப்கள் ஊர் ஊராக முளைத்தன. ஒரே நெகடிவ் இரண்டு ஊர்களில் இரண்டு நிறத்தில் வந்தால் கம்பெனியின் பெயர் கெடும். ஆகவே கோடக் ஒவ்வொரு லேபுக்கும் ஒரு மாதிரி நெகடிவையும், அதிலிருந்து முறையாகப் போட்ட மாதிரி பிரின்டையும் அனுப்பிவைத்தது.

அந்த பிரின்டில் இருந்தது வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண். முதலில் நின்றவர் கோடக்கிலேயே வேலை பார்த்த ஷெர்லி பேஜ் என்பவர். பிற்பாடு மாடல்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் லேப்காரர்களின் வாயில் எல்லோருமே ஷெர்லிதான். அட்டையின் பெயரும் ‘ஷெர்லி கார்டு’ என்றே நிலைத்தது. பளிச்சென்ற உடை, பக்கத்தில் நிற வேறுபாடு காட்டும் சில பொருட்கள், ஓரத்தில் ‘நார்மல்’ என்று கொட்டை எழுத்து. லேப் ஊழியர் மாதிரி நெகடிவைத் தன் இயந்திரத்தில் ஓட்டி பிரின்ட் எடுப்பார். சுவரில் மாட்டியிருக்கும் ஷெர்லியின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். முகம் பச்சை தட்டினால் ஒரு ஃபில்டரைக் கூட்டுவார், சிவந்தால் இன்னொன்றைக் குறைப்பார். இரண்டு முகமும் ஒன்றாகிவிட்டால் இயந்திரம் வேலைக்குத் தயார். அதற்குப் பிறகு அன்று முழுக்க வரும் கல்யாணப் படம், பிறந்தநாள் படம், பள்ளிக்கூடப் படம் எல்லாம் ஷெர்லிக்குப் பொருந்திய அதே அமைப்பில்தான் வெளியே வரும்.

கறுப்பு முகங்கள் அந்த அமைப்பில் என்ன ஆகும் என்பது குடும்ப ஆல்பங்களில் பதிவாகி இருக்கிறது. தனியாக நிற்கும் கறுப்பினத்தவரை ஒளி கூட்டி ஓரளவு நன்றாகவே எடுத்துவிடலாம். வெள்ளைப் பிள்ளையும் கறுப்புப் பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சிக்கல். ஃபிலிம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய வெளிச்ச வித்தியாசத்துக்கு ஓர் எல்லை உண்டு. வெள்ளை முகத்துக்குச் சரியாக ஒளி விட்டால் கறுப்பு முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் மிஞ்சும். மூக்கின் வளைவு, கன்னத்தின் குழி, நெற்றியின் சுருக்கம் எல்லாம் ஒரே இருட்டாகிவிடும். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே 1954-ல்தான். வகுப்பறைகள் கலக்கத் தொடங்கிய பிறகு, குரூப் போட்டோவில் தங்கள் பிள்ளையின் முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது என்று கறுப்பினத் தாய்மார்கள் குறைபட்டுக்கொண்டார்கள்.

இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் கனடாவின் கன்கார்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ராத். கோடக்கில் முன்பு வேலை பார்த்தவர்களைத் தேடிப்பிடித்துப் பேசி, 2009-ல் கட்டுரையாக வெளியிட்டார். அதில் வெளிவந்த தகவல் எந்த நாவலாசிரியரும் கற்பனை செய்யத் தயங்குவது. கோடக்கைப் பழுப்பு நிறங்களின் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் தாய்மார்கள் அல்லர், மரச்சாமான் கம்பெனிக்காரர்களும் சாக்லேட் கம்பெனிக்காரர்களும். விளம்பரப் படத்தில் கருமரத்துக்கும் வெளிர்மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை, பால் சாக்லேட்டும் டார்க் சாக்லேட்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று அவர்கள் புகார் செய்தார்கள். பழுப்பின் சாயல்களைப் பிரித்துக் காட்டும் வேலை அதற்குப் பிறகுதான் மும்முரமானது. அதன் பலன் மனிதத் தோலுக்கும் கிடைத்தது, போகிற போக்கில். 1980களில் கோடக் கோல்டு ஃபிலிம் வந்தபோது, மங்கிய வெளிச்சத்தில் நிற்கும் கருங்குதிரையையும் நுணுக்கமாகப் படம்பிடிக்கும் என்று கம்பெனி பெருமை பேசிக்கொண்டது. கறுப்பு மனிதர்கள் என்று வாய் திறந்து சொல்லக் கூச்சம். 1990களின் நடுவில் வெள்ளை, ஆசிய, கறுப்பினப் பெண்கள் மூவர் சேர்ந்து நிற்கும் புதிய கார்டு வந்தது. அதற்குள் ஃபிலிமின் காலமே முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

வேதியியலின் மேல் பழியைப் போட்டுத் தப்ப முடியாது என்பதற்குத் தொழில் தெரிந்த ஒளிப்பதிவாளர்களே சாட்சி. 1967-ல் வெளியான ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ படத்தில் சிட்னி பாய்ட்டியருக்காக ஹாஸ்கல் வெக்ஸ்லர் ஒளியமைப்பை மாற்றி அமைத்தார். வெள்ளை நடிகர்களுக்கு வைக்கும் விளக்குகளைக் கறுப்பு நடிகருக்கும் அப்படியே வைத்தால் பளபளப்புதான் விழும், முகம் விழாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. புகைப்பட மேதை ஆன்செல் ஆடம்ஸ் வகுத்த ஒளி மண்டல முறையிலும் கறுத்த தோலுக்கு ஐந்தாவது மண்டலம், வெள்ளையரின் சராசரித் தோலுக்கு ஆறாவது என்று இடம் பிரித்தே கொடுக்கப்பட்டிருந்தது. தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை. தெரிந்தவர்கள் படத்துக்குப் படம் சமாளித்தார்கள். தொழிற்சாலை தன் அமைப்பை மாற்றவில்லை.

தமிழ் சினிமா இதில் எதிர்த்திசையில் ஒரு சாதனை புரிந்திருக்கிறது. 2007-ல் வந்த ‘சிவாஜி’யில் ஒரு பாட்டுக்காக ரஜினிகாந்தை வெள்ளைக்காரராகக் காட்ட முடிவானது. வெள்ளைத் தோல் கொண்ட வெளிநாட்டுப் பெண் ஒருவரை அதே காட்சிகளில் நிறுத்திப் படமெடுத்து, அவருடைய தோல் நிறத்தைக் கணினியில் ஃபிரேம் ஃபிரேமாக ரஜினியின் முகத்தில் ஏற்றினார்கள். ஷெர்லியைக் கோடக் சுவரில்தான் மாட்டியது.

இயந்திரத்தின் கண்

டிஜிட்டல் வந்தால் ரசாயனத்தின் ஓரவஞ்சனை ஒழியும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. 2009-ல் எச்.பி. கணினி ஒன்றின் கேமரா, எதிரில் இருப்பவர் நகர்ந்தால் கூடவே திரும்பிப் பின்தொடரும் வசதியுடன் வந்தது. வெள்ளைப் பெண் நகர்ந்தால் திரும்பியது. கறுப்பு ஆண் வந்து நின்றால் அசையாமல் கிடந்தது. அதே காலத்தில் நிக்கான் கேமரா ஒன்று, ஆசிய முகங்களைப் படமெடுத்தபோது ‘யாராவது கண் சிமிட்டினீர்களா’ என்று கேட்டது. 2015-ல் கூகுள் போட்டோஸ் செயலி கறுப்பினத்தவர் இருவரின் படத்துக்குக் கொரில்லா என்று பெயர் ஒட்டியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கொரில்லா என்ற பெயரையே செயலியிலிருந்து நீக்கியது. நோய்க்கு மருந்து இல்லாததால் நோயின் பெயரை அழித்துவிட்டார்கள்.

இந்தக் கேலிக்கூத்துகளை எண்களாக மாற்றியவர் ஜாய் புவோலம்வினி. எம்.ஐ.டி. மீடியா லேபில் மாணவியாக இருந்தபோது, முகத்தைக் கண்டறியும் ஒரு மென்பொருள் அவருடைய கறுத்த முகத்தைக் கண்டுகொள்ளவில்லை. வெள்ளை முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டதும் உடனே கண்டுகொண்டது. டிம்னிட் கெப்ருவுடன் சேர்ந்து 2018-ல் அவர் வெளியிட்ட ‘ஜெண்டர் ஷேட்ஸ்’ ஆய்வு எளிமையானது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருட்களை எடுத்துக்கொண்டார்கள்: மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம்., சீனாவின் ஃபேஸ் பிளஸ் பிளஸ். சோதிக்க முகங்கள் வேண்டுமே? அதுவரை ஆய்வாளர்கள் பயன்படுத்திவந்த ஒரு பொதுத் தொகுப்பில் 79.6 சதவீதமும், இன்னொன்றில் 86.2 சதவீதமும் வெளிர் தோல் முகங்களே இருந்தன. ஆகவே ருவாண்டா, செனகல், தென்னாப்பிரிக்கா, ஐஸ்லாந்து, பின்லாந்து, ஸ்வீடன் ஆகிய ஆறு நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களின் படங்களைத் திரட்டி, 1,270 முகங்கள் கொண்ட புதுத் தொகுப்பை அவர்களே உண்டாக்கினார்கள்.

ஒட்டுமொத்தத் துல்லியத்தைக் கேட்டால் மூன்று மென்பொருட்களும் நல்ல பிள்ளைகள். மைக்ரோசாஃப்டுக்கு 93.7 சதவீதம், ஃபேஸ் பிளஸ் பிளஸுக்கு 90, ஐ.பி.எம்.முக்கு 87.9. விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம். பாலையும் தோல் நிறத்தையும் பிரித்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. வெளிர் தோல் ஆண்களிடம் அதிகபட்சப் பிழையே 0.8 சதவீதம். கறுத்த தோல் பெண்களிடம் மைக்ரோசாஃப்டின் பிழை 20.8, ஐ.பி.எம்.மின் பிழை 34.7. மூன்று பெண்களில் ஒருவரை ஆண் என்று சொல்லும் மென்பொருளைக் கடையில் விற்றுக்கொண்டிருந்தார்கள். சராசரி என்ற போர்வை எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் முக்கியம். இனியோலுவா டெபோரா ராஜியும் புவோலம்வினியும் அதே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். முதல் ஆய்வில் பெயர் அடிபட்ட மைக்ரோசாஃப்ட், கறுத்த பெண்களின் விஷயத்தில் தன் பிழையை 1.5 சதவீதத்துக்குக் கொண்டுவந்திருந்தது; ஐ.பி.எம். 17-க்கு. முதல் ஆய்வில் இடம்பெறாமல் தப்பித்திருந்த அமேசானின் மென்பொருளோ 31.4 சதவீதம் தப்புச் செய்தது. கறுத்த முகத்தைக் கணினிக்குப் படிக்கத் தெரியாது, அது இயற்பியல் என்று யாரும் இனி சொல்ல முடியாது. பெயர் சொல்லிக் கேட்டால் ஒரு வருடத்தில் சரியாகிறது, கேட்காதவரை அப்படியே கிடக்கிறது.

அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2019 டிசம்பரில் 189 முகமறிதல் நிரல்களைச் சோதித்து அறிக்கை தந்தது. ஒருவரை இன்னொருவர் என்று தவறாகப் பொருத்தும் பிழை, பல நிரல்களில், வெள்ளையரைவிட ஆசியர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் 10 முதல் 100 மடங்கு கூடுதலாக இருந்தது. சீனாவில் உருவான சில நிரல்களிடம் கிழக்காசிய முகங்களில் இந்தக் கோளாறு காணப்படவில்லை. எந்த ஊரில் பயிற்சி பெற்றதோ அந்த ஊர் முகம் இயந்திரத்துக்கு அத்துப்படி. அறிக்கை வந்த அடுத்த மாதமே, 2020 ஜனவரியில், டெட்ராய்ட் போலீஸ் ஒரு கறுப்பின ஆணை அவர் வீட்டு வாசலில், மனைவி மக்கள் கண்ணெதிரே, கடையில் கைக்கடிகாரங்கள் திருடியதாகச் சொல்லி விலங்கிட்டுக் கூட்டிச்சென்றது. மங்கலான கண்காணிப்பு கேமரா படத்தை மென்பொருள் அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தோடு பொருத்திவிட்டிருந்தது. ஆள் அவர் அல்ல.

நன்றாகத் தெரிந்தால் போதுமா?

சரி, எல்லா முகங்களும் துல்லியமாகத் தெரியும்படி செய்துவிட்டால் கதை முடிந்ததா? தென்னாப்பிரிக்காவின் அனுபவம் வேறு. அபார்தைட் எனும் இனஒதுக்கல் ஆட்சிக் காலத்தில் அங்கே கறுப்பர்கள் ஒவ்வொருவரும் பாஸ்புக் ஒன்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும். எங்கே வசிக்கலாம், எந்த நகருக்குள் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை அது தீர்மானித்தது. காட்டத் தவறினால் சிறை. பாஸ்புக்குக்குப் படம் வேண்டும், படம் சில நிமிடங்களில் கைக்கு வர வேண்டும். அதற்குத் தோதாக அமைந்தது அமெரிக்காவின் போலராய்ட். அதன் ஐ.டி.-2 என்ற கேமராவில் ஃபிளாஷின் ஒளியைக் கூட்டித் தரும் பொத்தான் ஒன்று இருந்தது. கறுத்த முகத்துக்கு அந்தக் கூடுதல் ஒளி பொருந்தியது என்பதைப் பின்னாளில் ஆடம் புரூம்பெர்க், ஆலிவர் சானரின் என்ற கலைஞர்கள் அதே கேமராவால் படமெடுத்துக் கண்காட்சியாகவே வைத்துக் காட்டினார்கள்.

ஷெர்லி கார்டு கண்டுகொள்ளாத முகத்தை இந்தக் கேமரா கண்டுகொண்டது. யாருக்காக என்பதுதான் விஷயம். 1970-ல் போலராய்டில் வேதியியலாளராக இருந்த கரோலின் ஹன்டரும், அங்கேயே வேலை பார்த்த கென் வில்லியம்ஸும் அலுவலகத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கத் துறையின் பெயர் தாங்கிய மாதிரி அடையாள அட்டை ஒன்றைத் தற்செயலாகப் பார்த்தார்கள். இருவரும் கறுப்பினத்தவர்கள். கம்பெனிக்குள்ளேயே இயக்கம் ஒன்றைத் தொடங்கி, தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறு என்று குரல் கொடுத்தார்கள். ஹன்டர் வேலை இழந்தார். கம்பெனி முதலில் அங்கிருந்த கறுப்புத் தொழிலாளர்களின் சம்பளத்தைக் கூட்டுவது, கல்விக்குப் பணம் தருவது என்று பரிகாரம் தேடிப் பார்த்தது. 1977-ல், அங்குள்ள விநியோகஸ்தர் அரசாங்கத்துக்கு ரகசியமாக ஃபிலிம் விற்பது அம்பலமான பிறகு, போலராய்ட் மூட்டை கட்டியது.

முகமறிதல் மென்பொருட்களிலும் இதே திருப்பம் வந்தது. பிழையைக் குறைக்க வேண்டுமானால் கறுத்த முகங்கள் நிறைய வேண்டும். ஐ.பி.எம். 2019-ல் பன்முகத்தன்மையின் பெயரால் ஏறத்தாழ பத்து லட்சம் படங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. படங்கள் ஃபிளிக்கர் தளத்திலிருந்து எடுத்தவை, அதில் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டு அட்லாண்டாவில் கூகுளுக்காக வேலை செய்த ஒப்பந்த ஆட்கள், வீடற்ற கறுப்பினத்தவர்களைத் தேடிச் சென்று 5 டாலர் பரிசு அட்டைக்கு முகத்தை ஸ்கேன் செய்தார்கள் என்ற செய்தி வெளிவந்தது. சேர்த்துக்கொள்வது என்றால் இப்படியும் சேர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. 2020 ஜூனில், அமெரிக்கத் தெருக்கள் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டை ஒரு போலீஸ்காரர் கொன்றதற்கு எதிராகக் கொதித்துக்கொண்டிருந்தபோது, பொதுவான முகமறிதல் வணிகத்திலிருந்தே விலகுவதாக ஐ.பி.எம். அறிவித்தது, அமேசான் காவல் துறைக்குத் தருவதை நிறுத்திவைத்தது.

அந்த ஜூன் மாதம் இன்னும் பல அலமாரிகளைக் கலைத்தது. 1920-ல் கண்டுபிடிக்கப்பட்ட பேண்ட் எய்டு, நூறு வருடம் கழித்துப் பழுப்பு, கறுப்பு வண்ணங்களிலும் வரும் என்று ஜான்சன் அண்டு ஜான்சன் சொன்னது. இந்தியாவில் ஃபேர் அண்டு லவ்லி 45 வயதில் பெயர் மாற்றிக்கொண்டது. டப்பாவுக்குள் இருந்தது பழைய சரக்குதானா என்பது வேறு விவாதம். பாலே நடனத்துக்கான காலணிகள் இளஞ்சிவப்பிலேயே வந்ததால் கறுப்பு நடனக்காரர்கள் ஒப்பனைப் பூச்சை அதில் தடவித் தோல் நிறத்துக்குக் கொண்டுவருவது வழக்கம். லண்டனின் ஃபிரீடு நிறுவனம் 2018-ல்தான் பழுப்புக் காலணி தயாரித்தது. மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. கருவியின் முனைகள் அடர்ந்த சுருட்டை முடிக்குள் உச்சந்தலையைத் தொடுவதில்லை. பின்னல்களுக்கு இடையே செருகிப் பிடிக்கும் கிளிப் ஒன்றை கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். கடையில் நிறம் கிடைக்காதது அவமானம். ஆஸ்பத்திரியில் கருவி வேலை செய்யாதது வேறு ரகம்.

விரல் நுனியில் 94

2021-ன் கோடையில் தமிழ்நாட்டில் பல வீடுகளில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப் இருந்தது. கொரோனாவின் இரண்டாம் அலை. பல்ஸ் ஆக்சிமீட்டரை ஆள்காட்டி விரலில் மாட்டி, அது காட்டும் எண்ணைப் பார்த்து வீட்டில் இருப்பதா, ஆஸ்பத்திரிக்கு ஓடுவதா என்று குடும்பங்கள் முடிவெடுத்தன. 94-க்குக் கீழே போனால் ஆபத்து, 90-க்குக் கீழே போனால் மிகவும் ஆபத்து என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். படுக்கை கிடைக்காத நாட்களில் அந்த எண்தான் வரிசையில் யார் முந்துவது என்பதையும் சொன்னது.

கருவியின் தத்துவத்தைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயகி, ஆண்டு 1974. கிளிப்பின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விரலுக்குள் பாய்கின்றன. மறுபக்கம் வெளியே வரும் ஒளியை உணரி அளக்கிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பை அதிகம் உறிஞ்சும், சிவப்பை விட்டுவிடும். ஆக்சிஜன் இழந்தது சிவப்பை அதிகம் உறிஞ்சும். இரண்டின் விகிதத்திலிருந்து ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று கணக்கிடலாம். விரலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல், சதை, எலும்பு எல்லாம் ஒளியை உறிஞ்சும். அவோயகியின் புத்திசாலித்தனம் இங்கேதான். நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், அது தமனி ரத்தம். ஏறி இறங்காத மற்ற எல்லாவற்றையும் கழித்துவிடலாம். தோலில் உள்ள மெலனின் துடிப்பதில்லை. ஆகவே அதுவும் கழிந்துவிட வேண்டும்.

கணக்கில் கழிகிறது, விரலில் முழுசாகக் கழிவதில்லை. கிளிப்பில் இருக்கும் விளக்கு ஒரே ஓர் அலைநீளத்தில் ஒளிர்வதில்லை, கொஞ்சம் அகலமான பட்டையாக ஒளிர்கிறது. மெலனின் அந்தப் பட்டையின் ஒரு ஓரத்தை மற்றதைவிட அதிகம் விழுங்குவதால் விகிதம் சாய்கிறது என்பது ஒரு விளக்கம். சாய்வு எதுவானாலும், தொழிற்சாலையில் அளவுத்திருத்தம் செய்யும்போது கண்டுபிடித்துச் சரிக்கட்டிவிட முடியும். அளவுத்திருத்தம் நடக்கும் விதம் இது: ஆரோக்கியமான தன்னார்வலர்களைப் படுக்கவைத்து, சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைப்பார்கள், ரத்த ஆக்சிஜன் 70 சதவீதம் வரைகூட இறங்கும். ஒவ்வொரு படியிலும் மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து உண்மையான அளவைப் பார்த்து, கிளிப் தந்த விகிதத்தோடு பக்கத்தில் எழுதிக்கொள்வார்கள். அந்த அட்டவணைதான் கருவியின் மூளைக்குள் போகிறது. பிறகு உலகத்தில் யார் விரலை நுழைத்தாலும், படுத்திருந்த அந்தச் சிலரின் விரலோடு ஒப்பிட்டே எண் வரும். தன்னார்வலர்களில் பெரும்பாலோர் வெளிர் தோல்காரர்கள்.

இது யாருக்கும் தோன்றாத விஷயமும் இல்லை. அவோயகியின் முறை பரவுவதற்கு முன்பு, 1970களில், ஹியூலெட் பேக்கார்ட் நிறுவனம் காதில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்றை விற்றது. இரண்டுக்குப் பதில் எட்டு அலைநீளங்கள். கறுப்பினத் தன்னார்வலர்களையும் வைத்துச் சோதித்தார்கள். பெரியது, விலை கூடியது. சின்ன கிளிப் வந்ததும் ஓரங்கட்டப்பட்டது. அதோடு அந்த அக்கறையும் போயிற்று.

எச்சரிக்கைகள் வந்துகொண்டுதான் இருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் 1990-ல் ஜூப்ரான், டோபின் என்ற மருத்துவர்கள் செய்த ஆய்வு, வெள்ளை நோயாளிக்குக் கருவியில் 92 காட்டினால் போதும், கறுப்பு நோயாளிக்கு 95 காட்டினால்தான் நம்பலாம் என்றது. 2005-ல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ ஆய்வகம், ஆக்சிஜன் குறையக் குறைய, கறுத்த தோலில் கருவி கூட்டிச் சொல்வதும் அதிகமாகிறது என்று காட்டியது. மருத்துவ இதழ்களில் அச்சாகி, அங்கேயே தங்கிவிட்டன. பிழை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கருவி ஆரோக்கியமானவரை நோயாளி என்று பயமுறுத்துவதில்லை. நோயாளியை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்புகிறது.

2020 ஆகஸ்டில் எம்.ஐ.டி.யின் மானுடவியலாளர் ஏமி மொரான்-தாமஸ் பழைய ஆய்வுகளைத் தூசு தட்டி ‘பாஸ்டன் ரிவ்யூ’ இதழில் எழுதினார். மருத்துவம் படித்தவர்கள் செய்யாததை ஒரு மானுடவியலாளர் செய்தார். அதைத் தொடர்ந்து மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் மைக்கேல் ஜோடிங்கும் சகாக்களும், கிளிப் காட்டிய எண்ணையும் சில நிமிட இடைவெளியில் எடுத்த தமனி ரத்தப் பரிசோதனையையும் ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். அந்த டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இது வெளியாயிற்று. 2022-ல் வந்த மற்றோர் ஆய்வு, இந்தப் பிழையால் கொரோனா மருந்துகளுக்குத் தகுதியானவர்கள் என்பதே கறுப்பின நோயாளிகளுக்குத் தாமதமாகத் தெரிந்தது என்று காட்டியது.

இனம் என்பது இங்கே தோலின் நிறத்துக்குப் போட்ட தோராயமான மாற்று. மெலனின் அமெரிக்க மக்கள்தொகைப் படிவத்தைப் பார்த்துச் சுரப்பதில்லை. தோல் வகைகளை எண்ணிட்டுச் சொல்லும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல், புறஊதாக் கதிர் சிகிச்சையில் யாருக்கு எவ்வளவு கதிர் கொடுக்கலாம் என்று பார்க்க 1975-ல் வெள்ளைத் தோலுக்காகவே தொடங்கப்பட்டது. பழுப்புக்கும் கறுப்புக்கும் இடம் பின்னால்தான் ஒட்டப்பட்டது. அந்த ஆறு வகைகளில் தென்னிந்தியர் பலர் நான்கிலும் ஐந்திலும் விழுவார்கள். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் என்ற பெயரில் அளந்த பிழையில் ஒரு பங்கு, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள விரல்களுக்கும் உரியதுதான். இந்தியாவில் 2021 ஜூலையில் ஆக்சிமீட்டர் உள்ளிட்ட ஐந்து கருவிகளுக்கு விற்பனை லாபம் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மருந்து விலை நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு விலையைப் பற்றியது.

அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2013-ல் வகுத்திருந்த வழிகாட்டல், பத்துப் பேரை வைத்துச் சோதித்தால் போதும், அதில் கறுத்த தோல்காரர்கள் குறைந்தது இரண்டு பேர் அல்லது 15 சதவீதம் இருக்க வேண்டும் என்றது. 2021 பிப்ரவரியில் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது: ஒற்றை எண்ணை நம்பாதீர்கள், எண் நாளுக்கு நாள் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள், மூச்சிரைப்பும் உதடு நீலம் பாரிப்பதும் எண்ணைவிட முக்கியம். பிரிட்டன் தனி விசாரணைக் குழு அமைத்து 2024 மார்ச்சில் அறிக்கை பெற்றது. 2025 ஜனவரியில் அமெரிக்க நிர்வாகம் புதிய வரைவை வெளியிட்டது. பத்துப் பேருக்குப் பதில் 150 பேரோ அதற்கு மேலோ. தோலின் நிறத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லாமல், ஹார்வர்ட் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் வகுத்த பத்து நிலை அளவுகோலாலும் நிறமானியாலும் அளந்து பதிய வேண்டும். வெளிர், நடுத்தர, கறுத்த தோல் மூன்றிலும் போதுமான ஆட்கள் வேண்டும்.

வரைவு வழிகாட்டல் சட்டம் ஆகாது. அது மருத்துவப் பயன்பாட்டுக்கென அனுமதி கேட்டு வரும் கருவிகளை நோக்கி எழுதப்பட்டது. மருந்துக்கடையிலும் இணையத்திலும் உடல்நலத்துக்காக, உடற்பயிற்சிக்காக என்று அட்டையில் அச்சிட்டு விற்கும் மலிவான கிளிப்புகள் அந்த நிர்வாகத்தின் பரிசோதனைக்கே போவதில்லை.